நாய் நின்ற இடமெல்லாம்

வூப்பெற்றாலில் சமதரை என்றால் ஆற்றங்கரை மட்டுந்தான். ஆற்றை விட்டு இரண்டு தெரு தள்ளினால் ஏற்றம் தொடங்கிவிடும். ஏற முடியாத அளவுக்குத் தெரு செங்குத்தாகும் இடத்தில் படிக்கட்டு வரும். எல்பர்ஃபெல்ட், பார்மன் என்று தனித்தனியே இருந்த துணி ஆலை நகரங்களையும் பக்கத்து ஊர்களையும் 1929இல் ஒன்றாக்கினார்கள். பள்ளத்தாக்கில் ஓடும் வூப்பர் ஆற்றின் பெயரை அடுத்த வருடம் அதற்குச் சூட்டினார்கள். ஆறு வயதில் வந்து, பள்ளிப் படிப்பு முடியும்வரை நான் வளர்ந்த ஊர் இது.

ஹம்பேர்க்கில் குடியேறிய பிறகு இங்கே வராமல் இருந்ததில்லை. கலியாண வீடு, செத்த வீடு, பூப்புனித நீராட்டு விழா என்று வந்திருக்கிறேன். மண்டப வாசலில் கார் நிற்கும், சாப்பிட்டுவிட்டு அதே காரில் திரும்பிவிடுவோம். ஊருக்குள் கால் பதித்து நடந்ததில்லை. இந்த முறை நாய்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. இரண்டையும் கூட்டிக்கொண்டு ரயிலில் வந்தேன். நாய் இருந்தால் நடந்தே ஆகவேண்டும்.

மூத்தவள் லோட்டே. நீள உடம்பும் குட்டைக் காலுமாக டாக்கல் சாயல் கொண்ட கலப்பு. இளையவள் கறுப்பி, ருமேனியாவிலிருந்து வந்தவள். அங்குள்ள தெருநாய்களை ஜேர்மனிக்குக் கொண்டுவந்து வீடு தேடிக்கொடுக்கும் அமைப்புகள் இங்கே நிறைய. இரவெல்லாம் ஒரு வானில் ஏற்றி வந்து, நெடுஞ்சாலை ஓரத் தரிப்பிடம் ஒன்றில் இறக்கி என் கையில் தந்தார்கள். கூடவே ஒரு கடவுச்சீட்டும் தந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் செல்லப்பிராணிகளுக்குக் கொடுக்கும் அந்தப் புத்தகம் நீல நிறம். அகதிகளுக்கு ஜேர்மனி கொடுக்கும் பயண ஆவணமும் நீலம்தான். அப்பாவுடையதை அம்மா இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறார். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும் என்று அதில் அச்சடித்திருக்கும். கறுப்பியின் புத்தகத்தில் அப்படி விலக்கிய நாடு எதுவும் இல்லை. ஒன்றியத்துக்குள் பயணிக்க, சிப் இலக்கமும் விசர்நாய்த் தடுப்பூசி போட்ட திகதியும் மருத்துவரின் முத்திரையும் இருந்தால் போதும்.

ரயிலில் கறுப்பிக்கு அரைக்கட்டணம், வாய்க்கு மூடி. பிரதான நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததும் நான் நின்றுவிட்டேன். டொப்பர்ஸ்பெர்க் என்ற அந்த இடத்தையே மாற்றிவிட்டார்கள். முன்பு நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்குப் போகப் பெருந்தெருவுக்கு அடியால் ஒரு நடைச் சுரங்கம் இருந்தது. ஊர்க்காரர் அதைச் சிறுநீர்க்குழாய் என்றே சொல்வார்கள். ஒளிமங்கிய, எப்போதும் ஈரமான, பெயருக்கேற்ற வாடை அடிக்கும் பாதை. 2014இலிருந்து 2017வரை மேலே போன பெருந்தெருவையே மூடி வேலை செய்து, சுரங்கத்தை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். இப்போது வெயில் விழும் அகன்ற வெளியும் படிகளும் இருக்கின்றன. நல்ல வேலை செய்திருக்கிறார்கள், மறுக்கமாட்டேன். ஆனால் அந்தச் சுரங்கம் எனக்கு அப்பாவின் கை. இந்த ஊரில் என் முதல் நினைவு, அதற்குள் அவர் என்னை இழுத்துக்கொண்டு நடந்த வேகம்தான்.

அப்பா 1984இல் வந்தவர். அம்மாவும் நானும் 1986 கோடையில் வந்தோம். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, அங்கிருந்து நகர ரயில் ஏறி மேற்கு பெர்லினுக்குள் வந்து அசூல் அடிப்பார்கள், அதாவது அகதித் தஞ்சம் கேட்பார்கள். அந்த வருடம் ஒக்ரோபரில் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை அடைத்துவிட்டது. வந்தவர்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்து அனுப்பினார்கள். அப்பாவுக்கு விழுந்தது வூப்பெற்றால். 1982இல் வந்த சட்டப்படி அப்போது, வழக்கு முடியும்வரை ஒதுக்கிய எல்லையை விட்டு வெளியே போகக்கூடாது. முப்பது கிலோமீற்றர் தள்ளி இருக்கும் டுசல்டோர்ஃபுக்குப் போகவும் அனுமதிக் கடிதம் வேண்டியிருந்தது. ஒருமுறை எல்லை தாண்டிப் பிடிபட்டுத் தண்டப்பணம் கட்டியவர் அப்பா. அதன் பிறகு ஊருக்குள்ளேயே யாரையும் பார்க்காமல்தான் நடப்பார். “தலையைக் குனிஞ்சு நட பிள்ளை, நிண்டு புதினம் பாக்காதை” என்பார். இந்த ஊரை நான் அந்த வேகத்திலேயே பார்த்து வளர்ந்தேன். நடைபாதைக் கற்கள், மற்றவர்களின் சப்பாத்துகள், குளிர்காலத்தில் தூவிய உப்பு, இவைதான் என் ஊர். வீடுகளின் இரண்டாம் மாடி எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

லோட்டே பத்தடிக்கு ஒருதரம் நிற்பாள். நின்றால் கடைசி வாசனைவரை முடிக்காமல் அசையமாட்டாள். அவள் கீழே மோந்துகொண்டிருக்க, எனக்கு மேலே பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அப்படித்தான் லூயிசன் தெருவில் கறுப்புச் சிலேட்டு ஓடு பதித்த சுவர்களையும் வெள்ளைச் சட்டங்களையும் பச்சைச் சன்னல் கதவுகளையும் பார்த்தேன். இந்தப் பகுதியான பெர்கிஷ் நாட்டின் வீடு என்றால் இந்த மூன்று நிறமும்தான் என்று பள்ளிக்கூடத்தில் வரைந்திருக்கிறேன். தினமும் நடந்த தெருவில் அப்படி ஒரு வீடு நின்றதை இப்போதுதான் காண்கிறேன்.

ஆட்கள் கதைக்கத் தொடங்கினார்கள். ஆணா பெண்ணா, எத்தனை வயது, இருவரும் ஒத்துப்போகிறார்களா, தடவலாமா? வெதுப்பக வாசலில் நின்ற கிழவி, தன் நாய் போன மாதம் இறந்ததைச் சொல்லி அழுதாள். தபால்காரர் பையிலிருந்து பிஸ்கட் எடுத்தார். நான் பள்ளிக்கூடம் போய்வந்த அத்தனை வருடங்களிலும் இந்தத் தெருக்களில் நின்று என்னோடு கதைத்தவர்களைவிட, நாய்களோடு நடந்த ஒரே பிற்பகலில் கதைத்தவர்கள் அதிகம். நாங்கள் எங்கிருந்து வந்தோம், எப்போது திரும்பிப் போவோம் என்று கேட்ட ஊர்தான் இது. இப்போது நாய் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. அந்தக் கிழவியின் கண்ணீர் உண்மையானது. எனக்கு அவளைப் பிடித்துப்போனது. ஆனாலும் இந்தப் பரிவில் ஒரு சிட்டிகை 1987இல் என் அம்மாவுக்குக் கிடைத்திருக்கலாம் என்ற எண்ணம் நெஞ்சில் தைத்தது. பனிக்காலத்தில் ஊர்ச் செருப்போடு, கையில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, எந்தக் கட்டடம் என்று தெரியாமல் இதே மூலையில் நின்றவர் அவர்.

எங்கள் வீட்டில் நாய் என்றால் பயம். அப்பாவிடமிருந்து வந்த பயம் அது. கரவெட்டியில் அவருக்கு ஒரு நாய் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்து நாய்களில் பாதி ஜிம்மி, அவருடையதும் ஜிம்மிதான். படலையடியில் படுத்திருக்கும். வேலிக்கு வெளியே ஆமி வந்தால் முதலில் நாய்கள்தான் சொல்லும். தூரத்து ஒழுங்கையில் ஒன்று குரைக்கும், பிறகு அடுத்த ஒழுங்கை, பிறகு பக்கத்து வளவு. குரைப்பு நெருங்கி வரும் வேகத்தைக் கொண்டு ஆமி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கணிப்பார்கள். இளந்தாரிகள் பின்வேலியால் பாய்ந்து ஓட அவ்வளவு நேரம்தான் கிடைக்கும். அப்படி ஓடித் தப்பியவர் அப்பா. ஓடாமல் நின்ற அவருடைய சிநேகிதனைக் கொண்டுபோனார்கள்.

வூப்பெற்றாலில் இரவில் எங்கோ ஒரு நாய் குரைத்தால் அப்பா எழும்பி உட்கார்ந்துவிடுவார். விளக்குப் போடமாட்டார். அடுத்த நாய் குரைக்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பார். ஒரே அறையில் படுத்திருந்த எனக்கு அந்த இருட்டில் அவருடைய மூச்சுக் கேட்கும்.

நாங்கள் இருந்தது ஒல்பெர்க்கில். எல்பர்ஃபெல்டின் வடக்கு மேட்டில் உள்ள தொழிலாளர் குடியிருப்பு. பக்கத்துப் பகுதிகளுக்கெல்லாம் மின்சாரம் வந்த பிறகும் இங்கே நெடுங்காலம் எண்ணெய் விளக்கு எரிந்ததால் எண்ணெய் மலை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1943இல் குண்டு விழுந்து ஊர் எரிந்தபோது இந்த மேட்டின் பழைய வீடுகள் பெரும்பாலும் தப்பிவிட்டன. எங்கள் வீடும் அப்படித் தப்பியது. நிலக்கரி அடுப்பு, ஐந்து குடும்பம், கக்கூஸ் இரண்டு மாடிகளுக்கு நடுவில் படிக்கட்டின் திருப்பத்தில். கீழ் வீட்டில் ஒரு விதவை அம்மா, அவருடைய டாக்கல் நாய் வால்டி. ஜேர்மனியில் டாக்கல் என்றாலே வால்டிதான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னத்துக்கும் அதே பெயர்.

வால்டி படுப்பது சரியாக அந்தத் திருப்பத்தில், கக்கூஸ் கதவுக்கு முன்னால். சிவந்த மண்ணிற உடம்பு, நரைத்த மூக்கு, ஒரு காது நுனியில் கிழிசல். மேலே நான் ஒரு படி இறங்கினால் அது ஒரு கண்ணைத் திறக்கும். நான் அசையாமல் நிற்பேன், கண் மூடும். மறுபடி ஒரு படி. அவசரமாகப் போகவேண்டிய நேரத்தில் அந்தப் படிகள் முடிவதே இல்லை. கடைசியில் விதவை அம்மா வந்து என் கையைப் பிடித்து அதன் முதுகில் வைத்தார். மயிருக்கு அடியில் சூடு. அதுவரை நாயின் உடம்பு சுடும் என்று எனக்குத் தெரியாது.

அந்த அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பாற்சோறு காய்ச்சிக் கறுவாத்தூளும் சீனியும் தூவிக் கொண்டுவந்து தருவார். பெர்கிஷ் நாட்டில் விருந்தினர் வந்தால் வாபிள், சூடான செரிப்பழம், பாற்சோறு என்று மேசை நிறைப்பது வழக்கம். அம்மா அதை வாயில் வைத்தவுடன், பயறு போடாத புக்கை என்று முடிவு கட்டிவிட்டார். பொங்கலுக்கு எங்கள் புக்கை கீழ் வீட்டுக்குப் போனது. இந்த வாரம் படிக்கட்டுக் கழுவும் முறை உங்களுடையது என்று கதவில் அட்டை தொங்கவிடும் வீடு அது. அட்டை எங்கள் கதவுக்கு வரும் வாரங்களில் கீழ் வீட்டுக் கிழவியின் பங்கையும் சேர்த்து அம்மாவே கழுவிவிடுவார்.

1993 மே 29ஆம் திகதி அதிகாலை, பக்கத்து நகரமான சொலிங்கனில் ஒரு துருக்கிக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். இரண்டு இளம் பெண்களும் மூன்று சிறுமிகளும் இறந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரம். எங்கள் படிக்கட்டும் சொலிங்கன் வீட்டைப் போல மரம் என்று அப்பா சொன்னார். அன்றிரவு கதவடியில் இரண்டு வாளி தண்ணீர் வைத்தார். எல்லோருடைய சப்பாத்தும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றார். ஆவணங்களைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு சன்னலடியில் உட்கார்ந்திருந்தார். பல வாரங்கள் அப்படித்தான்.

கீழ் வீட்டு அம்மாவுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு மாலை வால்டியின் கூடையையும் கம்பளத்தையும் தூக்கிக்கொண்டு வந்து வீதிக் கதவுக்கு உள்பக்கம் வைத்தார். யார் வந்தாலும் இவன் குரைப்பான், நீங்கள் படுங்கள் என்று அப்பாவிடம் சொன்னார். டொச்சில் அப்பாவுக்குப் புரியாத இடங்களை நான் சொன்னேன். அப்பா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, வயது போன நாய், இரவில் குளிருமே என்றார். ஊரிலிருந்து கொண்டுவந்த தன் சாரம் ஒன்றை எடுத்துப்போய்க் கூடையில் விரித்தார்.

இந்த ஊரைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லவேண்டியது இதைத்தான். ஆனால் கேட்பவர்கள் தொங்கு ரயிலைப் பற்றித்தான் கேட்பார்கள். அதுவும் நியாயமே. 1901இலிருந்து ஆற்றுக்கு மேலே தலைகீழாக ஓடும் ரயில் வேறெந்த ஊரில் இருக்கிறது? பதின்மூன்று கிலோமீற்றர், 20 நிலையங்கள். நான் ஏறியது செம்மஞ்சளும் நீலமுமான பழைய பெட்டிகளில். இப்போது எல்லாம் வெளிர்நீலப் புதுப் பெட்டிகள். நாய்களை ஏற்றினேன். பெட்டி அசைந்ததும் கறுப்பி நாலு காலையும் அகட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். லோட்டே தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்தாள். ஆல்ட்டர் மார்க்ட் தாண்டும்போது டுஃபியின் கதையை அவர்களுக்குத் தமிழில் சொன்னேன். 1950 யூலை 21ஆம் திகதி விளம்பரத்துக்காக ஒரு சர்க்கஸ்காரர் யானைக்குட்டியை இதே ரயிலில் ஏற்ற, அது மிரண்டு பெட்டியை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்துப் பிழைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் குடித்த பால் பெட்டியில் அச்சடித்திருந்த பெயர் டுஃபி. முழு வகுப்பும் எனக்கு யானையைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்பியது. நான் அதுவரை ஒரு யானையையும் நேரில் கண்டதில்லை.

1999 ஏப்ரல் 12 காலை, திருத்த வேலைக்காரர் பாதையில் விட்டுச்சென்ற இரும்புக் கொக்கியில் மோதி ஒரு ரயில் ஆற்றில் விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அதிகாலை வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் நேரம் அது. அப்பா போகும் நேரமும் அதுதான். அவர் வீட்டில் இருக்கிறார் என்ற செய்தி எனக்கு வந்து சேரும்வரை இருந்த நிலையை இப்போதும் எழுத வரவில்லை.

ஆறு மாறியிருக்கிறது, நல்லபடியாக. சாயப்பட்டறைக் கழிவால் வூப்பர் சிவந்து ஓடியதைப் பார்மனில் பிறந்த ஏங்கல்ஸ் 1839இலேயே எழுதியிருக்கிறார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சிவப்பு இல்லை, ஆனால் ஆற்றில் எதையும் தேடிப் பார்த்த நினைவும் இல்லை. இன்று தூணடியில் சாம்பல் நாரை ஒன்று நின்று மீன் பிடித்தது. கறுப்பி அதை விட்டு வரமாட்டேன் என்றாள்.

ஒல்பெர்க்குக்குப் படிக்கட்டால் ஏறினேன். டிப்பன் டப்பன் டொன்ஷன் என்று அதற்குப் பெயர், மரச் சப்பாத்துகள் எழுப்பிய ஓசையிலிருந்து வந்தது. லோட்டேயைப் பாதி வழியில் தூக்கவேண்டி வந்தது. எங்கள் வீட்டுக்குப் புதுப் பூச்சு. கீழ் வீட்டில் இப்போது சைக்கிள் திருத்தும் கடை. அழைப்பு மணிப் பெயர்களில் தெரிந்தது ஒன்றும் இல்லை. உள்ளே போகக் கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. மாடித் திருப்பத்தில் இப்போது கக்கூஸ் இருக்காது. அதைப் பார்த்து எனக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. விதவை அம்மா 1996இல் இறந்தார், வால்டி அதற்கு முன்பே. மலர்வளையத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்பா எங்கள் எல்லோருடைய பெயரையும் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். பூக்கடைக்காரர் அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து வரைந்து தந்தார். அப்பாவும் இப்போது இல்லை. அம்மா தம்பியோடு டோட்முண்டில் இருக்கிறார்.

இன்னும் மேலே ஏறினால் மிர்க்கே நிலையம். வீட்டுச் சன்னலிலிருந்து நான் பார்த்த ரயில் பாதை அங்கேதான் போனது. 1879இல் போட்ட பாதை, 1991இல் பயணிகள் ரயிலை நிறுத்தினார்கள், 1999இல் சரக்கு ரயிலும் நின்றது. ஊர்க்காரர் சங்கம் அமைத்துப் பணம் திரட்டி, அரசை விடாமல் நெருக்கி, அதே பாதையை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மாற்றினார்கள். 2014 டிசம்பரில் முழுவதும் திறந்தார்கள். இருபது கிலோமீற்றருக்கு மேல், சுரங்கங்களும் பாலங்களுமாக, பெரிய ஏற்றம் இறக்கம் இல்லாமல். இந்த ஊரில் நீங்கள் மூச்சு வாங்காமல் நடக்கக்கூடிய ஒரே நீண்ட வழி. நாய்க்கும் கிழவருக்கும் இதைவிடப் பெரிய உதவி யாரும் செய்துவிட முடியாது.

அங்கேதான் அந்தக் கிழவரைக் கண்டேன். வாங்கில் இருந்தவர் கறுப்பியின் பெயரைக் கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்துச் சரியாகப் பிடித்துக்கொண்டார். எந்தத் தெருவில் இருந்தீர்கள் என்றார். சொன்னேன். அடுத்த தெரு அவருடையது, பிறந்ததிலிருந்து அங்கேதான். இரவில் சரக்கு ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுக்குமே என்றேன். அவர் கையைத் தட்டினார். தன் மனைவி கோப்பைகளுக்கு நடுவில் துணி வைத்த கதையைச் சொன்னார். ஒரே சத்தத்தை ஒரே இரவுகளில் கேட்டுப் படுத்திருக்கிறோம், ஒரு சொல் பேசியதில்லை. எஞ்சின் சிவப்பு என்றார். நீலம் என்றேன். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நாளைக் காலையும் இங்கே இருப்பேன், நாய்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

இரவு அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன்.

“நாயளுக்குச் சாப்பாடு குடுத்திட்டியோ? இருட்டிலை ஆர் பிள்ளை எஞ்சின்ர நிறம் பாத்தது? சொலிங்கனுக்குப் பிறகு அப்பா நித்திரை இல்லாமல் சன்னலடியிலை இருந்து பெட்டி எண்ணுவார். விடிய எழும்பின உடனை எத்தினை பெட்டி எண்டு எனக்குச் சொல்லுவார். அந்த மனுசனும் முழிச்சிருந்து எண்ணினவரோ எண்டு நாளைக்குக் கேட்டுப் பார்.”